பச்சைச் சுவரில் ஒரு பழுப்புத் துண்டு

நகரும் படிக்கட்டில் இறங்கும்போது அவர் கைப்பிடியை விடவே இல்லை. முப்பது வருடத்துக்கு முன் இந்தச் சுரங்க ரயில் நிலையத்தை வரைந்தவர் அவர்தான். தூணே இல்லாத வளைந்த கூரை, நடைமேடை வரை வெயில் எட்டிப்பார்க்கும்படி வெட்டிய வாசல், எல்லாவற்றுக்கும் அவர் பேரைத்தான் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இறங்குமிடத்தைத் தவறவிடக் கூடாதென்று நிலையத்துக்கு ஒரு நிறம் வைத்ததும் அவர் யோசனை. இந்த நிலையத்துக்குப் பச்சை. அதில் ஒரே ஒரு சிக்கல்: யோசனை சொன்ன மகானுக்குப் பச்சைக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது.

வேலைக்குச் சேரும்போது நடந்த கண் பரிசோதனையில், புள்ளிப் படங்களுக்குள் ஒளிந்திருக்கும் எண்களை முன்னால் போய் வந்த நண்பனிடம் கேட்டு மனப்பாடமாக ஒப்பித்தவர் அவர். பிறகு டைல்ஸின் பெட்டியில் அச்சடித்த எண்ணைப் பார்த்தே நிறம் சொல்லிக் காலத்தை ஓட்டினார். நடைமேடைச் சுவருக்குக் கடைசியாக வந்த பெட்டிகள் மழையில் நனைந்து எண் அழிந்திருந்தன. கொத்தனார் ஒரு டைல்ஸை நீட்டி, "சார், இதுவா?" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தேகத்தை அவர் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டார்.

"நான் சொன்னா சொன்னதுதான். ஒட்டுங்க."

திறப்பு விழாவில் மனைவி காதோரம் கேட்டாள். "என்னங்க, எல்லாம் பச்சையா இருக்கு, நடுவுல மட்டும் எதுக்குப் பழுப்பு?" அன்று வியர்த்தது இன்னும் காயவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "அது ஒரு பார்வை" என்று சொல்லிச் சமாளித்தார். கேட்டவர்களும் மோவாயைத் தடவிக்கொண்டு போனார்கள்.

இப்போது நிலையத்தைப் புதுப்பிக்கிறார்கள். வேலையைப் பார்க்கும் பெண் பொறியாளர் போன் செய்திருந்தாள். பழைய வரைபடத்தில் பழுப்பே இல்லையாம், நேரில் வந்து விளக்க வேண்டுமாம். மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. பொய் சொன்னால் நிலையத்தில் புதிதாக வைக்கப்போகும் வரலாற்றுப் பலகையில் அந்தப் பொய் ஏறி உட்கார்ந்துகொள்ளும். உண்மையைச் சொன்னால் முப்பது வருடப் பெயர் சந்தி சிரிக்கும்.

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதுல என்ன கேவலம்?" கூடவே வந்த மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாணமான நாள்லேர்ந்து என் புடவை நிறத்தைத் தப்புத் தப்பாத்தான் புகழ்றீங்க. நான் ஏதாவது சொன்னேனா?"

கீழே பொறியாளர் கையில் காகிதத்தோடு நின்றிருந்தாள். வணக்கம் சொல்லக்கூட விடாமல் அவர் கொட்டிவிட்டார். "பச்சையும் பழுப்பும் என் கண்ணுக்கு ஒண்ணுதாம்மா. கொத்தனார் கேட்டாரு. நான்தான் அதட்டி ஒட்ட வெச்சேன். பேத்துடுங்க."

அவள் நீளமாக மூச்சு விட்டாள். "அப்பாடா. மூணு மாசமா மண்டையை உடைச்சிக்கிறோம் சார். அந்தப் பழுப்பு, இங்க ஓடின பழைய ஆத்தோட பாதைன்னு ஒருத்தர் கட்டுரையே எழுதிட்டாரு."

"கட்டுரையா?"

"பதினாறு பக்கம். ஆனா பேக்க முடியாது சார். தொடாதீங்கன்னு நானூறு பேர் மனு குடுத்திருக்காங்க. பழுப்புகிட்ட நின்னு ஏறினா, அடுத்த ஜங்ஷன்ல படிக்கட்டுக்கு நேரா இறங்கலாமாம். வரைபடத்துல இல்லாததை வெச்சுக்கணும்னா வரைஞ்சவர் கையெழுத்து வேணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன். பலகைல என்ன போடட்டும்?"

"நடந்ததைப் போடுங்க. கொத்தனார் கேட்டதையும் சேர்த்து."

கையெழுத்துப் போட்டதும் நெஞ்சிலிருந்து ஒரு பெட்டி டைல்ஸை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. "அது எந்த இடத்துலம்மா இருக்கு?" என்று கேட்டார்.

பொறியாளர் கை நீட்டப் போனாள். மனைவி தடுத்தாள். "இருங்க. வண்டி வரட்டும்."

சுரங்கத்துக்குள் தண்டவாளம் முனக ஆரம்பித்தது. அங்கங்கே சிதறி நின்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்தவள், குடைக்காரர், சீருடையில் ஒரு நர்ஸ், கைகோத்த இரண்டு கல்லூரிப் பெண்கள். அவர் கண்ணுக்கு ஒரே நிறமாக நீண்டு கிடந்த சுவரின் முன்னால் அத்தனை பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். நர்ஸுக்கு இடப்பக்கம் ஒருவருமில்லை. குடைக்காரருக்கு வலப்பக்கமும் ஒருவருமில்லை. அவர் அந்த இருவருக்கும் நடுவே மெதுவாகப் பார்வையை ஓட்டினார். இங்கே ஆரம்பித்து, அங்கே முடிகிறது. வண்டி தள்ளிக்கொண்டு வந்த காற்றில் அவர்களின் துணிகளெல்லாம் ஒரே பக்கமாகப் படபடத்தன.