நடுவர் ஊதிய விசில்

1968 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை மாலை, தஞ்சாவூரில் நடந்த கல்லூரிக் கால்பந்து இறுதியாட்டத்தில் கும்பகோணம் அணி பத்துப் பேருடன் இறங்கியது.

கோலில் நின்றவன் அணித் தலைவன் காயாரோகணம். அவனுக்குக் கோல் காக்கத் தெரியாது. தெரிந்தவனான உத்திராபதி வலங்கைமான் பக்கத்தில் ஒரு வயலில் இருந்தான். இருவருக்கும் ஒரே ஊர். காயாரோகணம் மிராசுதார் தியாகராசனின் மகன்; உத்திராபதி அவர் நிலத்தில் அறுக்கும் எல்லையம்மாளின் மகன். கல்லூரியில் வாடா, போடாதான். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் உத்திராபதி ‘வாங்க’ என்று மாறிவிடுவான்.

கல்லூரி அதுவரை அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. காயாரோகணத்துக்கு இது கடைசி வருஷம், தொட்டதெல்லாம் ஜெயித்த வருஷம். அதிராம்பட்டினத்தில் கடற்காற்று பந்தை எங்கெங்கோ தள்ளியது, பாபநாசத்தில் பந்து சேற்றில் புதைந்தது. இரண்டு ஊரிலும் உத்திராபதியைத் தாண்டி ஒன்றும் போகவில்லை. வைக்கோல் போரின் உச்சியில் நின்று, கீழிருந்து வீசும் கட்டுகளை மார்போடு வாங்கிப் பழகியவன் அவன்.

பொங்கல் கழிந்ததும் அறுப்பு நின்றது. ஆட்கள் கூலி நெல் அரைப்படி கூடக் கேட்டார்கள், மிராசுதார்கள் மறுத்தார்கள். ஆட்சி மாறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போலீஸ் வேன் வழக்கம்போல வயலோரம் வந்து நின்றது. விவசாயத் தொழிலாளர் சங்கத்து வைரக்கண்ணு ஓர் ஏற்பாடு செய்திருந்தார். தகராறு என்றால் அவர் விசில் ஊதுவார்; கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, விசில் வந்த இடத்தில் எல்லோரும் கூட வேண்டும். கூலி முடிவாகாமல் பந்தாட வரமாட்டேன் என்று உத்திராபதி சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை காயாரோகணம் அப்பாவிடம் போய், நெல் உதிர்கிறது என்றான்.

“நெல்லுக்குப் பேசுறியா, பந்துக்குப் பேசுறியா?”

“ரெண்டுக்குந்தாம்ப்பா.”

உதிர்வதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஞாயிறு காலை அரைப்படிக்கு ஒப்புக்கொண்டார். நாலு மணி வரை அறுத்துவிட்டு, நெல் ஏற்ற வந்த லாரியில் ஆட்கள் ஆட்டம் பார்க்க ஏறிக்கொண்டார்கள். முன்சீட்டில் தியாகராசனும் வைரக்கண்ணுவும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார்கள்.

லாரி மைதானத்தை அடைந்தபோது ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தது, ஒன்றுக்கு ஒன்று. உத்திராபதி வைக்கோல் தூசியோடு பனியனை மாட்டிக்கொண்டு, நடுவரிடம் அனுமதி வாங்கிக் கோலுக்கு ஓடினான். விடுதலையான காயாரோகணம், முன்னேறிய வேகத்தில் எதிரணிக்காரன் ஒருவனைத் தங்கள் கோலுக்கு அருகிலேயே இடறிவிட்டான். பெனால்டி. நடுவர் நீளமாக விசில் ஊதினார்.

கோலுக்குப் பின்னால் அப்போதுதான் குந்தியிருந்த ஜனம் அத்தனையும் எழுந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. கோட்டைத் தாண்டி வந்து நடுவரைச் சுற்றிக் கூடிவிட்டது. வைரக்கண்ணு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய விசில் அங்கேதான் இருந்தது.

எல்லையம்மாள் காயாரோகணத்தைப் பிடித்துக்கொண்டாள். “காலையிலதானே பேசி முடிச்சீங்க சின்னய்யா, அதுக்குள்ள என்ன வந்துச்சு?”

தஞ்சாவூர்க்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இது வேறு விசில் என்று காயாரோகணம் ஒவ்வொருவராகச் சொல்லி உட்காரவைக்க வேண்டியிருந்தது. அதுவரை பந்தின் முன் நின்ற எதிரணிக்காரன் எந்தப் பக்கம் அடிப்பது என்று எத்தனை தடவை மனசை மாற்றினானோ, முகம் வெளுத்துவிட்டது.

காயாரோகணம் கோல் கம்பத்தருகே போய் ஏதோ யோசனை சொல்ல ஆரம்பித்தான்.

“தள்ளி நில்லுடா,” என்றான் உத்திராபதி.

பின்னால் எல்லையம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தியாகராசன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். காயாரோகணம் தள்ளி நின்றான்.

பந்து நேராக வந்தது. உத்திராபதி அதை மார்போடு வாங்கி, போருக்குக் கட்டு எறிவதுபோலத் தலைக்கு மேல் சுழற்றி வீசினான். எதிரணி மொத்தமும் முன்னால் வந்திருந்தது. பந்து காலியான பாதியில் விழுந்து உருண்டது. காயாரோகணம் அதன் பின்னால் ஓடினான்.

இரண்டுக்கு ஒன்று. கோப்பை கும்பகோணம் போயிற்று. லாரி வலங்கைமான் திரும்பியது. திங்கட்கிழமை காலை அறுப்பு தொடர்ந்தது. கூலி அரைப்படி கூடுதலாக அளக்கப்பட்டது.