தலையணை மைல்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல. ஒரு பயண இதழ்க்காரர் என்னிடம் கட்டுரை கேட்டார். எப்போதாவது மட்டும் விமானம் ஏறுகிறவர்கள், அதுவும் எது மலிவோ அதில் ஏறுகிறவர்கள், பறந்த தூரத்தை மைலாகச் சேர்த்துவைத்து இலவச டிக்கெட் தரும் மைல் திட்டங்களில் எந்த நிறுவனத்துடையதில் சேர்ந்தால் நல்லது என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். எனக்கு அதில் ஆனா ஆவன்னா தெரியாது. அதனால் சரி என்று சொல்லிவிட்டேன். எழுதியவரைக்கும் இதோ:

‘அடிக்கடி பறப்பவருக்கு ராஜ உபசாரம் காத்திருக்கிறது. அத்தி பூத்தாற்போல் பறக்கும் நம்மைப் போன்றவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது—’

அங்கே நின்றுவிட்டது. நம்மைப் போன்றவர்கள் என்றால் யார்? முந்தைய வாரம் மெத்தை வாங்கப் போயிருந்தேன். கடையில் இருந்த பெண், “செருப்பைக் கழட்டிட்டு நல்லா நீட்டிப் படுங்க சார். வெட்கப்பட்டா முதுகு மெத்தையைத் தொடாது” என்றாள். படுத்தேன். கண்ணை மூடியவன் கொஞ்சம் தூங்கியே போனேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கடைக்குள்ளேயே கிடப்பதுபோல் இருந்தது. பாதியில் நின்ற வாக்கியத்தில் அவள் வந்து உட்கார்ந்துகொண்டாள். எழுந்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2

தொடக்கம் ஒன்று: ‘விமான நிலையத்தின் கண்ணாடிச் சுவரில் மழை வழிந்துகொண்டிருந்தது. அவள் தன் பெட்டியை—’

(வேண்டாம். எல்லார் கதையிலும் விமான நிலையத்தில் மழை பெய்கிறது. பெட்டியும் இருக்கிறது.)

தொடக்கம் இரண்டு: ‘மெத்தைக்காரி கல்நெஞ்சுக்காரி.’

(அவள் காதில் விழுந்தால் அடுத்த தடவை என்னைப் படுக்கவிடமாட்டாள். தவிர, அது உண்மையும் இல்லை.)

தொடக்கம் மூன்று. இதை வைத்துக்கொள்கிறேன்.

மத்தியானத்தில் மெத்தைக்கடைக்கு ஈ காக்கை வராது. மேலே மின்விசிறிகள் சோம்பலாகச் சுற்றும். கண்ணாடிக் கதவு வழியாக வரும் வெயில், தெருவில் வண்டி போகும்போதெல்லாம் கூரையில் அலையும். தெருச் சத்தம் பஞ்சுக்குள் புகுந்து வருவதால் பாதிதான் வந்து சேரும். கடைசி வரிசையில், விலை கேட்டதும் எல்லோரும் எழுந்துவிடுகிற மெத்தை ஒன்று உண்டு. மெத்தைக்காரி அதில் சாய்ந்துகொண்டு பார்ப்பாள். வெள்ளை வெள்ளையாக மெத்தைகள் நீண்டு கிடப்பது, ஜன்னலுக்குக் கீழே மேகம் கிடப்பது மாதிரி இருக்கும். விமான ஜன்னலில் அவள் மேகம் பார்த்தது சில தடவைதான். அதையே வைத்துப் பல வருஷம் ஓட்டிவிட்டாள்.

அப்படிப்பட்ட ஒரு மத்தியானத்தில் அவள் கணவர் கைபேசியை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

3

கணவர் நீச்சல் மாஸ்டர். குளத்து மருந்து வாசனையோடுதான் எங்கும் வருவார். இருவருக்கும் காலம் கடந்து நடந்த கல்யாணம். நடந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனிதர் வாழ்நாளெல்லாம் தண்ணீரில் மிதந்தவர், விமானத்தில் ஏறியதே இல்லை. மனைவியோடு ஒரு தடவை மேலே போய் மிதந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்காக என் கட்டுரையை எனக்குப் பதிலாக அவரே எழுதியும் முடித்துவிட்டார். மனதுக்குள்தான்.

அவர் கண்டுபிடித்ததைச் சுருக்கித் தருகிறேன், இதழ்க்காரருக்கும் ஆகும். எப்போதாவது பறக்கிறவர் தங்க அட்டை, வெள்ளி அட்டை, தனிக் காத்திருப்பு அறை என்று எதிலும் மயங்கக்கூடாது. அந்தப் படியில் நாம் ஏறுவதற்குள் படியையே எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நிறுவனத்தில் போகிறவர், பல நிறுவனங்கள் கைகோத்திருக்கும் கூட்டணியில் ஒரே ஒரு திட்டத்தைப் பிடித்துக்கொண்டு எல்லா மைலையும் அதிலேயே போட வேண்டும். ஐந்து இடத்தில் சிந்தி வைத்தால் ஐந்தும் வீண். எல்லாவற்றையும்விட முக்கியமாக, மைல் செத்துப்போகாத திட்டமாகப் பார்க்க வேண்டும். சிலவற்றில் மூன்று வருஷம் எந்த அசைவும் இல்லையென்றால் சேர்த்தது அத்தனையும் போய்விடும். ஆனால் சின்ன அசைவு போதும். பறக்கக்கூட வேண்டாம், திட்டத்தோடு சேர்ந்த கூட்டாளிக் கடை எதிலாவது ஏதாவது ஒன்று வாங்கினால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். கடைசியாக, குடும்பக் குழு. வீட்டு ஆட்களின் மைல்களை ஒரே குடத்தில் ஊற்றலாம்.*

இதையெல்லாம் சொல்லிவிட்டு, நாம் இருவரும் ஒரு குழு தொடங்கலாம் என்றார் நீச்சல் மாஸ்டர். மெத்தைக்காரி சிரித்தாள். பழைய கணக்கு ஒன்று இருக்கிறது, அது எப்போதோ செத்திருக்கும் என்றாள். எதற்கும் பார்ப்போமே என்று திறந்தார்கள்.

சாகவில்லை. இரண்டு பேர் போய்வரும் அளவுக்கு முழுசாக இருந்தது.

* குடம் என்று திட்டத்தில் எழுதியிருக்காது. அது நீச்சல் மாஸ்டரின் சொல். அவருக்கு எல்லாமே தண்ணீர்தான்.

4

இங்கே எனக்குக் கணவர்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவராக ஒருவர் இருந்தால் கதை எப்படி நகரும்? அவரைக் கொஞ்சம் சிடுசிடுப்பாக்கப் பார்த்தேன். ‘அவர் எரிச்சலோடு கைபேசியைப் பிடுங்கி—’ என்று எழுதினேன். பிடுங்க மாட்டேன் என்றுவிட்டார். நீச்சல் தெரியாத ஆளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளி அவருக்குப் பழக்கமில்லை. விட்டுவிட்டேன்.

5

இனித் தங்கையைச் சொல்லியாக வேண்டும்.

மெத்தைக்காரிக்கு ஒரு தங்கை. சின்ன வயதில் வீட்டில் இருவருக்கும் ஒரே தலையணை. சுவர்ப் பக்கம் அக்காவுக்கு. அதில் மட்டும் பேச்சே இல்லை. தலையணைக்குத்தான் ஒவ்வொரு நாளும் இழுபறி. தங்கை வளர்ந்து வேலைக்காக வேறு ஊருக்குப் போனாள். அந்தப் பழைய கணக்கை, அக்காவையும் சேர்த்துக் குடும்பக் குழுவாகத் தொடங்கியதே அவள்தான். அன்று அவள் சொன்னது அக்காவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: “எப்பவாவது பறக்கிற நீ அரை ஆளு. அதுவும் இல்லாத நான் கால் ஆளு. ஒண்ணா சேர்ந்தா முக்கால் ஆளாவது ஆகலாம்க்கா.”

அப்புறம் அப்பா படுக்கையில் விழுந்தார். உடனே வா என்று அக்கா போன் செய்தாள். முழுக் காசு கொடுத்து டிக்கெட் எடுக்கத் தங்கையிடம் அப்போது வழியில்லை. அதை அவள் சொல்லவில்லை, அக்கா கேட்கவும் இல்லை. மைலுக்குக் கிடைக்கும் இருக்கை வியாழக்கிழமைதான் இருந்தது. அப்பா புதன்கிழமையே போய்விட்டார்.

(புதன், வியாழன் என்பதை மாற்றிப் பார்த்தேன். அப்பா போவதை இரண்டு நாள் தள்ளிப்போட்டால் போதும், இந்தக் கதையே வேண்டியிருக்காது. ஆனால் அப்பாக்கள் எழுதுகிறவன் பேச்சைக் கேட்டுப் போவதில்லை.)

புதன்கிழமை சாயங்காலம் அக்கா போனில் சொன்னாள்: “மைலை எண்ணிக்கிட்டே இருந்துட்டியேடி. இனிமே நீ வர வேண்டாம்.”

தங்கை வரவில்லை. வியாழக்கிழமை இருக்கையை ரத்து செய்தாள். மைல்கள் கணக்குக்குத் திரும்பி வந்தன. அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அக்காவுக்குக் கல்யாணமான செய்திகூடத் தங்கைக்குத் தெரியாது.

மெத்தைக்கடையில் அந்த மத்தியானம் திரையில் முழுசாக நின்ற மைல்களுக்குள் இருந்தது, தங்கை வராமல் போன அந்தப் பயணமும்.

6

எப்படிச் சாகாமல் இருக்கிறது என்று நீச்சல் மாஸ்டர் விரலால் கீழே தள்ளிப் பார்த்தார். தங்கை எங்கும் பறந்திருக்கவில்லை. வருஷம் தவறாமல் ஒரே ஒரு சின்ன அசைவு மட்டும் இருந்தது. கூட்டாளிக் கடை. வாங்கிய பொருள், தலையணை ஒன்று.

“உங்க கம்பெனிதாம்மா” என்றார் அவர்.

மெத்தைக் கம்பெனிக்கு ஊருக்கு ஊர் கடை உண்டு. தங்கையின் ஊரிலும் உண்டு. மறு வருஷம் தலையணை. அதற்கடுத்த வருஷமும் தலையணை. ஒரு தலையணை ஐந்தாறு வருஷம் உழைக்கும் என்று வாடிக்கையாளர்களிடம் மெத்தைக்காரியே நாள் தவறாமல் சொல்கிறவள். தங்கைக்கு இருப்பதோ ஒரு தலை.

(சத்தியமாக இது என் திட்டமில்லை. நான் மெத்தை வாங்கப் போனதால்தான் அவளை மெத்தைக்கடையில் வைத்தேன். அங்கே தலையணையும் விற்பார்கள் என்பதுகூட இந்தப் பகுதிக்கு வந்த பிறகுதான் உறைத்தது. தங்கை எனக்கும் தெரியாமல் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.)

மெத்தைக்காரி எழுந்து போய், ஏற்கெனவே சரியாக இருந்த தலையணைகளை மறுபடி அடுக்கினாள். அவளுக்கு அழுகை வந்தது. கடையில் வேறு யாரும் இல்லாததால் அழுதாள்.

7

நீச்சல் மாஸ்டர் விதிகளைப் படித்துச் சொன்னார். ஒருவர் ஒரு குழுவில்தான் இருக்க முடியும். இந்தக் குழுவுக்குத் தங்கைதான் தலைவி. புதிதாக யாரைச் சேர்ப்பதென்றாலும் அவள் அனுமதி வேண்டும். விலகினால் அக்காவின் பங்கு அக்காவோடு வந்துவிடும். ஒரே ஆள் மிஞ்சுவதால் குழு கலைந்துபோகும்.

“ரெண்டே வழிதான்மா. ஒண்ணு நீ விலகணும். இல்ல, என்னைச் சேர்த்துக்கச் சொல்லி அவகிட்ட கேட்கணும்.”

“நீங்க என்னங்க சொல்றீங்க?”

“நான் இத்தனை வருஷம் பறக்காம இருந்தவன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

சாயங்கால வகுப்புக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்று கிளம்பினார். அவர் போன பிறகு, அனுமதி கேட்கும் பக்கத்தை அவள் திறந்தாள். புதிய உறுப்பினர் பெயர் கேட்டது. எழுதினாள். தலைவருக்கு இவர் என்ன உறவு என்று கேட்டது. வரிசையாகச் சொற்கள் இறங்கின. அதில் ‘அக்காவின் கணவர்’ என்று ஒன்று இருந்தது. வேறு எந்த வழியிலும் சொல்லத் தெரியாமல் போன சேதியை இந்த ஒரு சொல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மிச்சக் கால் ஆள் கிடைத்துவிட்டார் என்று தங்கை சிரிப்பாளா, இல்லை என்னிடம் சொல்லாமலே கல்யாணமா என்று உடைந்துபோவாளா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தச் சொல்லைத் தொட்டாள். அது நீலமாயிற்று. கீழே இரண்டு பட்டன்கள்: ‘அனுமதி கேள்’, ‘குழுவிலிருந்து விலகு’.

8

முடிவு அ. அவள் விலகுகிறாள். தங்கைக்கு ஒரு வரி போகிறது: உங்கள் குழு கலைக்கப்பட்டது. அடுத்த வருஷம் அதே நாளில் தங்கை பழக்கதோஷத்தில் கடைக்குப் போய், ஒரு தலையணையை எடுத்து அமுக்கிப் பார்த்து, திரும்ப வைத்துவிடுகிறாள். (எழுதி முடித்ததும் எனக்கே தாங்கவில்லை. கிழித்துப் போட்டேன்.)

முடிவு ஆ. அவள் கேட்கிறாள். கண் மூடித் திறப்பதற்குள் அனுமதி வருகிறது. விமான நிலையம், மழை, பெட்டி, மூன்று பேர், கட்டிப்பிடித்து அழுகை. (என் மனைவி படித்துவிட்டு, ஒரு பட்டனுக்கு இவ்வளவு கண்ணீரா என்று கேட்டாள். அதோடு அது போயிற்று.)

முடிவு இ. அவள்—

9

உண்மையில் நான் பார்த்தது இவ்வளவுதான். அவள் விரலைத் திரைக்கு மேலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். வெயில் கூரையிலிருந்து இறங்கி மெத்தைகளுக்கு வந்தது. அப்போது திரையில் ஒரு கேள்வி எழுந்தது: நீண்ட நேரமாக எந்த அசைவும் இல்லை, தொடர விரும்புகிறீர்களா? ‘ஆம்’ என்று தொட்டாள். பக்கம் திரும்பி வந்தது. பட்டன்களும் வந்தன.

நான் இங்கே நிறுத்துகிறேன். ஒரே ஒரு வரி பாக்கி. தங்கையின் வீட்டைப் பற்றி எழுதி, பிறகு அடித்துவிட்டேன். கதையை மெத்தைக்காரியின் பக்கத்திலேயே நின்று சொல்வது என்று முடிவு செய்தவன், அவள் கண்ணில் படாததை எப்படி எழுதலாம்? அடித்த வரி இது:

[தங்கையின் அலமாரியில் தலையணைகள் கவர் பிரிக்காமல் அடுக்கியிருக்கின்றன. ஒன்றை மட்டும் பிரித்து, உறை மாட்டி, கட்டிலில் சுவர்ப் பக்கமாகப் போட்டு வைத்திருக்கிறாள்.]

அடித்ததை நீங்கள் படித்துவிட்டீர்கள். அவள் படிக்கவில்லை. விரல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. என்னால் கதைக்குள் போய் அவளிடம் சொல்ல முடியாது. கடைக் கதவு திறந்துதான் இருக்கிறது, மத்தியானத்தில் கூட்டமும் இருக்காது. நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.