இடது பக்கக் கதவு

அந்த வண்டி வீட்டுக்கு வந்த நாள் முதலாகச் செங்கோட்டையனுக்கு அதன் மூஞ்சியைக் கண்டாலே ஆகவில்லை. விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள், புருவத்தை மழித்துவிட்டு மையால் இழுத்துவிட்டது போல. நிஜமான விளக்கு கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில், ஏதோ தப்புச் செய்தவன் மாதிரி ஒளிந்துகொண்டிருந்தது. பின்பக்கம் பாதி செய்துகொண்டிருக்கும்போதே தகடு தீர்ந்துவிட்டாற்போல சரிவாக வெட்டிவிட்டிருந்தார்கள். பின்கதவுக்குக் கைப்பிடி எங்கே என்று தேட வேண்டும். உடம்பு கடுகு மஞ்சள், கூரை மட்டும் கறுப்பு. ஒரு பனியனை ஒரே துணியில் தைக்க வக்கில்லாதவன் பண்ணின வேலை என்று அன்றைக்கே சொன்னார்.

வாங்கியது மகன் மகுடேஸ்வரன். பெரிய வண்டியில் அனுப்பர்பாளையம் நெரிசலுக்குள் நுழைய முடியவில்லை, இது சின்னது, உயரமானது, வளைந்து போகும் என்றான். பேத்தி மோனிஷா அதைக் கட்டிப்பிடிக்காத குறை. திருப்பூரிலேயே இந்த நிறத்தில் நம்முடையது ஒன்றுதான் என்று போட்டோ எடுத்துப் போட்டாள். மருமகளுக்கு ஏறி இறங்க வசதி. கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் டெய்லர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு கட்சி இதுதான் இனிமேல் வரப்போகிற வண்டி என்றது. மறு கட்சி தவளையை நசுக்கினால் இப்படித்தான் இருக்கும் என்றது.

மோனிஷாவைத் தன் பையனுக்குக் கேட்டிருந்த பல்லடத்துத் தங்கதுரை, கோழிப்பண்ணைக்காரர், நிச்சயத்துக்கு நாள் குறிக்க வந்தபோது அதை வாசலில் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏனுங்க மாமா, முட்டைக்குக் கண்ணு வெச்சாப்புல இருக்குதுங்களே. தெரிஞ்சுதான் வாங்கினீங்களா, இல்ல ஏமாத்திட்டாங்களா?”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். செங்கோட்டையன் சிரிக்கவில்லை. அந்த வண்டியைத் திட்ட இந்த வீட்டில் தனக்கு மட்டும்தான் உரிமை என்று அவருக்கு நினைப்பு. வெளியாள் வாயைத் திறந்தது சுருக்கென்று தைத்தது. அந்தக் கோபத்தையும் சேர்த்து வண்டியின் மேலேயே போட்டார். “அதுக்குள்ள நான் காலெடுத்து வெக்க மாட்டேன்” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சொன்னால் சொன்னதுதான், அது ஊருக்கே தெரியும்.

ஆனால் வண்டி வாங்கிப் பூஜை போட்ட அன்று அதை மூன்று முறை சுற்றி வந்தவரும் அவர்தான். குறை கண்டுபிடித்தே தீருவது என்று அரைமணி நேரம் பெயிண்ட்டைப் பார்த்தார். நாலு மெஷினில் தொடங்கி நாற்பது வருஷம் பனியன் கம்பெனி நடத்தியவர். சாயப்பட்டறையிலிருந்து வருகிற துணியில் ஒரு லாட்டுக்கும் இன்னொரு லாட்டுக்கும் நிறத்தில் நூலிழை வித்தியாசம் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கை ஒரு ஷேடு, உடம்பு ஒரு ஷேடு என்று ஒரு பீஸ்கூட அவர் காலத்தில் பெட்டிக்குள் போனதில்லை. அப்படிப்பட்டவர் பார்த்தும் அன்று பெயிண்ட்டில் ஒரு குறையும் அகப்படவில்லை. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பதினோரு நாள் வண்டி கண்ணில் படவில்லை. சர்வீசுக்குக் கோயமுத்தூர் போயிருக்கிறது என்றான் மகன். புது வண்டிக்கு என்ன பதினோரு நாள் சர்வீஸ் என்று கேட்க நினைத்தார். இல்லாதவரைக்கும் நிம்மதி என்று விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது. புதன்கிழமை காலையில், வெயில் நேராக விழுவதற்கு முன்னால், கம்பெனி வாசலில் நின்ற அதைக் கடந்து போனவர் நின்றுவிட்டார். இடது பக்கம், முன்சக்கரத்தின் மேல்தகடும் முன்கதவும் ஒரு மஞ்சள். பின்கதவு வேறு மஞ்சள். வேறு என்றால் கடையில் நிற்பவனுக்குத் தெரிகிற வேறு அல்ல. முன்கதவில் ஒரு சொட்டுச் சிவப்புக் கூடுதல். அவ்வளவுதான். பூஜை அன்று இந்தக் கதவு இப்படி இல்லை. அவர் கண் சாட்சி.

மகனிடம் சொன்னார். அவன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, “வண்டிக் கம்பெனியிலிருந்தே அப்படித்தானுங்க அப்பா வந்துச்சு” என்றான். மருமகள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். மோனிஷா, “அப்பாரு, மூஞ்சி சரியில்ல, முதுகு சரியில்லன்னீங்க. இப்ப கதவுங்களா?” என்றாள். இரண்டு மாதமாகத் திட்டித் திட்டி, உண்மையைச் சொல்லும்போது கேட்க ஆளில்லாமல் செய்துகொண்டது தானேதான் என்று அவருக்கு விளங்கியது. விளங்கினதும் கோபம் இரட்டிப்பானது.

தன் கண்ணுக்கு ஈடான கண் கம்பெனியில் இன்னொன்று உண்டு. செக்கிங் செக்‌ஷன் இசக்கிமுத்து. தென்காசிப் பக்கத்திலிருந்து பையனாக வந்து இருபத்திரண்டு வருஷம். முதலாளியே பாஸ் பண்ணிய துணியை, “இல்லய்யா, இது வேற லாட்டு” என்று திருப்பிப் போட்ட ஒரே ஆள். அன்று அவர்மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. பத்து நாள் லீவு முடிந்து திங்கட்கிழமைதான் வேலைக்கு வந்திருந்தார். செங்கோட்டையன் அவரைக் கூப்பிட்டு வண்டியின் முன்னால் நிறுத்தினார்.

“இசக்கி, இந்தக் கதவையும் அந்தக் கதவையும் பாரு. ஒண்ணா, ரெண்டா?”

இசக்கிமுத்து பார்த்தார். வழக்கமாக அவர் துணியைப் பார்க்கும்போது தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, இரண்டடி பின்னால் போவார். இப்போது அதெல்லாம் இல்லை. நின்ற இடத்திலேயே நின்று, கதவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“ஒரே ஷேடுதான்யா.”

“நல்லாப் பாரு.”

“பாத்துட்டேன்யா. ஒண்ணுதான்.”

செங்கோட்டையன் கணக்குப் போட்டுப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனிதர் இப்படி ஒரு துணியை விட்டதில்லை. எக்ஸ்போர்ட் அவசரம் என்று கெஞ்சினாலும் விட்டதில்லை. கண் போய்விட்டதா? அப்படியானால் காலையில் இருந்து மூன்று கட்டுத் துணியை எப்படித் திருப்பியிருக்கிறார்? கண் இருக்கிறது. வாய்தான் பொய் சொல்கிறது. ஒரு கார்க் கதவுக்காக இவர் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அப்போதுதான் அந்தப் பத்து நாள் லீவு எதற்கு என்பது ஞாபகம் வந்தது. இசக்கிமுத்துவின் மனைவி ராமுத்தாய் வேறொரு கம்பெனியில் நூல் பிசிறு வெட்டப் போகிறவள். இரண்டு வாரம் முன்பு காலையில் நடந்து போகும்போது ஏதோ வண்டி இடித்துவிட்டுப் போய்விட்டது, கால் உடைந்தது என்று கேள்விப்பட்டிருந்தார். எந்த வண்டி என்று தெரியவில்லை என்றார்கள்.

“இசக்கி. ஊட்டுல அம்மணிய இடிச்சது எந்த வண்டி?”

“தெரியலய்யா.”

“திருப்பூர்ல இந்த மூஞ்சியில, இந்தக் கலர்ல ஒரு வண்டிதான் இருக்குதுன்னு என்ற பேத்தி சொல்றா. உன்ற சம்சாரத்துக்குக் கண்ணு தெரியாதா?”

இசக்கிமுத்து வண்டிக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். “அவ பாத்தா. அன்னைக்கே சொன்னா. நான்தான் வாய மூடுன்னேன். இந்த ஊர்ல எங்களுக்கு ஒங்கள விட்டா யாரு இருக்கா? நான் என்னத்தய்யா சொல்லுதது? விட்டுருங்க. கால் சேந்துரும்.”

 செங்கோட்டையன் கையிலிருந்த குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குள் போனார். உள்ளேயிருந்த அக்கவுண்டன்ட் பெண்ணை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். மகன் நாற்காலியிலிருந்து எழுந்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றையும் மறுக்கவில்லை.

கோயமுத்தூரில் ஆர்டர் கொடுக்கிற பையரைப் பார்க்கப் போகிற அவசரம் என்றான். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கப் பார்த்தான். இடது பக்கம் ஓரமாக வந்தவள் கண்ணில் படவில்லை. இடித்த சத்தம் கேட்டு நிறுத்தத்தான் செய்தான். ஆட்கள் ஓடி வருவதைப் பார்த்ததும் பயந்துபோய் அழுத்திவிட்டான். மறுநாள் இசக்கிமுத்து லீவு கேட்டு வந்து நின்றபோதுதான் இடிபட்டது யாரென்று தெரிந்தது.

“தெரிஞ்சதுக்கப்பறம் என்ன பண்ணின?”

“அஞ்சு நாள்தானுங்க கேட்டாரு. நான் பத்து நாளு எடுத்துக்கச் சொன்னேன்.”

“லீவு குடுத்தியா. ரொம்பப் பெரிய மனசு உனக்கு.”

மகுடேஸ்வரன் உட்கார்ந்துவிட்டான். வருகிற வெள்ளிக்கிழமை மோனிஷாவுக்கு நிச்சயம், அது முடியட்டும், அதற்கப்புறம் என்ன சொன்னாலும் செய்கிறேன், இப்போது வெளியே தெரிந்தால் தங்கதுரை பின்வாங்கிவிடுவார், பிள்ளையின் வாழ்க்கை போய்விடும் என்று வரிசையாகச் சொன்னான். கடைசியில்தான் அந்த வார்த்தையை எடுத்தான்.

“நம்ம குடும்ப மானத்துக்காகத்தானுங்க அப்பா மறைச்சேன்.”

செங்கோட்டையன் குடையால் மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். டீ டம்ளர் கவிழ்ந்தது.

“அந்தாளு இப்ப என்ற முன்னால நின்னு பொய் சொன்னான். கண்ணு முன்னால இருக்கற ஷேடை இல்லைன்னு சொன்னான். எதுக்கு? உன்ற மானத்தக் காப்பாத்தறதுக்கு. ஊட்டுல பொண்டாட்டிய காலொடிஞ்சு படுக்கப் போட்டுட்டு நம்ம மானத்த அவன் சுமந்துக்கிட்டுத் திரியறான். அதுல நான் வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கறேன். எந்திரி. வண்டிய எடு.”

வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றான் மகன். பழைய வண்டியில் போகலாம் என்றான். சாயங்காலம், கூட்டம் குறைந்த பிறகு என்றான். எதற்கும் அவர் மசியவில்லை. அந்த வண்டிதான் வர வேண்டும், இப்போதே வர வேண்டும். அவர் மட்டும் ஏற மாட்டார், சொன்னால் சொன்னதுதான்.

கம்பெனியிலிருந்து இசக்கிமுத்து குடியிருக்கும் லைன் வீடுகள் அரைக் கிலோமீட்டர். பதினொரு மணி வெயிலில் செங்கோட்டையன் முன்னால் நடந்தார். பின்னால் அந்தக் கடுகு மஞ்சள் வண்டி முதல் கியரில் உறுமிக்கொண்டு ஊர்ந்து வந்தது. இசக்கிமுத்து ஒருபக்கமாக, தான்தான் குற்றவாளி என்பது போலத் தலைகுனிந்து வந்தார். டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என்ன மாமா, நடந்து போறீங்க என்று ஒருவர் கேட்டார். லைன் வீட்டுச் சந்து முனையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, “இந்த வண்டிதான்” என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. அப்படியானால் இந்தச் சந்து முழுக்கத் தெரியும். தெரியாதது தனக்கு மட்டும்தான்.

ராமுத்தாய் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தாள். மடியில் பிசிறு வெட்ட வேண்டிய பனியன் கட்டு. வேலையை வீட்டுக்கே வாங்கியிருந்தாள். முதலில் வண்டியைத்தான் பார்த்தாள், பிறகுதான் மனிதர்களை. மகுடேஸ்வரன் இறங்கி அவள் முன்னால் போய் நின்றான்.  நான்தான் இடித்தேன், தப்புத்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தான்.

அவள் கத்திரியைக் கீழே வைக்கவில்லை.

“இடிச்சது கூட ஒண்ணுமில்ல. கவனக்குறைவு, எல்லாருக்கும் வரும். வண்டிய நிறுத்தி, கண்ணாடிய எறக்கி, திரும்பிப் பாத்தீங்க. நான் கெடந்ததப் பாத்துட்டு, கண்ணாடிய ஏத்திட்டுப் போனீங்க. அதத்தான் என்னால மறக்க முடியல.”

இசக்கிமுத்து அவளை அதட்டினார். செங்கோட்டையன் இசக்கிமுத்துவை அதட்டினார். “அம்மணி பேசட்டும். நீ இன்னைக்கு ஒரு பொய் சொன்னது போதும்.”

 ராமுத்தாய் அடுத்த பனியனை எடுத்துத் திருப்பினாள். மன்னித்தேன் என்று சொல்வாள் என மகன் காத்து நிற்பது செங்கோட்டையனுக்குத் தெரிந்தது. அவள் சொல்லவில்லை. சொல்லாததுதான் நியாயம் என்று அவருக்குப் பட்டது.

அங்கேயே, சந்தின் நடுவில், அந்த வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு போனை எடுத்துத் தங்கதுரையைக் கூப்பிட்டார். சுற்றி நின்ற பெண்கள் கேட்கட்டும் என்றே குரலைத் தாழ்த்தவில்லை. என் மகன் ஒரு பெண்பிள்ளையை இடித்துப் போட்டுவிட்டு ஓடினான், பெயிண்ட் அடித்து மறைத்தான், வெள்ளிக்கிழமை வருவதும் வராததும் உங்கள் இஷ்டம் என்று சொன்னார். மகுடேஸ்வரன், “அப்பா” என்று கையை நீட்டினான். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

போனின் மறுமுனையில் கோழிகளின் சத்தம் கேட்டது. தங்கதுரை, வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன் என்றார். சிரிப்பு இல்லை.

“மெதுவாக் கலந்துக்குங்க. ஊட்டுப் போனுக்கு அடிக்க வேண்டாம். நாங்க போலீஸ் ஸ்டேஷன்ல இருப்போம்” என்று சொல்லி வைத்தார்.

ஸ்டேஷன் இரண்டு கிலோமீட்டர். மகன் ஓடிவந்து இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டான், அந்தச் சிவப்புக் கூடின கதவை. வெயிலில் அது இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. செங்கோட்டையன் அதைப் புறங்கையால் தள்ளிச் சாத்தினார். வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். குடையை விரித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

பின்னால் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அவர் மெதுவாகத்தான் நடந்தார். கேட்டதும் நடையை எட்டிப் போட்டார்.