மதிலுக்கு மேலால் போன வயர்

ஷிப்லி கட்டாரில் இருந்தாலும், சாய்ந்தமருது வீட்டில் எந்த ஃபேன் ஓடுகிறது என்பது அவனுக்குத் தெரியும். ஃபோனில் ஒரு செயலி. அதில் அறைக்கு ஒரு கோடு, பின்வளவு பிளக்குக்கு ஒரு கோடு, புது மின்சாரக் காருக்கு ஒரு கோடு. மனைவி றுஸ்தா தேங்காய் அரைத்தால்கூட இங்கே கோடு துள்ளும். ஒரு மனிதனுக்கு இவ்வளவு தெரியக்கூடாதுதான்.

றுஸ்தாவுக்கு நிறைமாதம். பிரஷர் இருந்ததால், வலி தொடங்கினால் நேரே மட்டக்களப்புக்கு வரச்சொல்லியிருந்தார் டாக்டர். ஓட்ட அவளுடைய வாப்பா இருந்தார். காரில் எப்போதும் சார்ஜ் இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் தூரத்தில் கிடப்பவனால் முடிந்த காரியம்.

அன்று ஊரில் பொழுதுபட்டு மஃரிப் தொழுகை நேரம். கட்டாரில் இன்னும் வெயில். காரின் கோடு படுத்துக்கிடந்தது. பின்வளவு பிளக்கோ கரண்ட்டை அள்ளிக்கொண்டிருந்தது. வீட்டு லைன் தாங்காது என்று, பாவனை கூடினால் காரின் சார்ஜ் தானாக நிற்கும்படி வைத்தவனும் அவனேதான். றுஸ்தாவுக்கு ஃபோன் அடித்தான், எடுக்கவில்லை. மாமனாருக்கு அடித்தான், அவரும் எடுக்கவில்லை. வயர் எரிகிறதோ? வலி வந்து விழுந்துகிடக்கிறாளோ? பிளக்கை இங்கிருந்தே நிறுத்தினான். காரின் கோடு எழும்பியது. அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சுவிட்டான்.

சற்றுநேரத்தில் றுஸ்தாவே அடித்தாள்.

"மச்சான், நீங்களா கரண்ட நிப்பாட்டின?"

"ஓம் புள்ள, காருக்கு..."

"பக்கத்தூட்டு ஸைனுலாப்தீன் மாமா மௌத்தாகிட்டாரு. லைட்டுக்கும், தண்ணி சுடவைக்கவும் நாமதான் மதிலுக்கு மேலால வயர் குடுத்த. அவருட மகன் முர்ஷித் வாப்பாவக் குளிப்பாட்டக்குள்ள இருட்டாப் போயிட்டு!"

ஊரில் சாவு விழுந்த வீட்டுக்குப் பக்கத்து வீடுதான் வெளிச்சம் கொடுக்கும், சோறும் அனுப்பும். செயலிக்கு அது தெரியாது, சரி. பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவனுக்குமா? வெட்கம் பிடுங்கித் தின்றது. பிளக்கை மறுபடி போட்டான். காரின் கோடு விழுந்தது. அடக்கம் முடிந்ததும் ஏறட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

வலி அதுவரை பொறுக்கவில்லை. இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு மாமனார் அழைத்தார்.

"மகன், புள்ளைக்கு வலி கண்டுட்டு. கார் கல்லாறு வரைக்கும்தான் ஓடும் போல, பாதி வழி கூட இல்ல."

ஷிப்லி செயலியைத் திறந்தான். பிளக்கை நிறுத்தவா? அங்கே பெண்கள் அந்த வெளிச்சத்தில் குர்ஆனின் யாசீன் ஓதிக்கொண்டிருப்பார்கள். நிறுத்தினாலும் இந்த நேரத்துக்குள் என்ன ஏறப்போகிறது? யா அல்லாஹ் என்றான்.

அப்போது ஃபோனில் இன்னொரு குரல் கேட்டது. வாப்பாவை அடக்கிவிட்டுக் கபுறடியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த முர்ஷித்.

"மாமா, எங்கட வேன் நிக்கிது. புள்ளையக் கூட்டி வாங்க, நான் ஓட்டுறன்."

"முர்ஷித், நான்தான்டா அந்தக் கரண்ட..." என்று தடுமாறினான் ஷிப்லி.

"தெரியும்டா. டோர்ச்சப் புடிச்சிக் குளிப்பாட்டி முடிச்ச. இனி நீ அங்கரிந்து ஒண்டையும் நிப்பாட்டாம இரி."

வேன் போனது. வீட்டுக் கோடுகள் ஒவ்வொன்றாக அடங்கின. மதிலுக்கு மேலால் போன கோடு மட்டும் விழாமல் நின்றது. ஷிப்லி ஃபோனை மேசையில் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தக் கோடு விழுந்துவிடக்கூடாதே என்று பார்த்தபடி இருந்தான்.

கடைசியில் மட்டக்களப்பிலிருந்து முர்ஷித் அழைத்தான். "பொம்புளப் புள்ளடா. ரெண்டு பேரும் சுகம்" என்றான். பிறகு விம்மி விம்மி அழத்தொடங்கினான். வாப்பாவுக்காக அழ அவனுக்கு அப்போதுதான் நேரம் கிடைத்தது.