ஊற்றுக்கண்ணில் மேலாளர்

உலகம் புகையின்றி ஓடவேண்டுமாம்! அதற்காக அட்டகாமா உப்புநிலத்தின் அடிவயிற்றிலிருந்து உவர்நீரை உறிஞ்சினார்கள், மின்வண்டிகளின் பேட்டரிக்கு லித்தியம் எடுத்தார்கள். எங்கோ ஒரு நகரத்தில் காற்று தூய்மை பெற்றது. உப்புநிலத்தோரச் சிற்றூர் சான் எலாடியோவில் புல்வெளி செத்தது. எர்மெலிந்தா கம்பளிக்காக மேய்த்த நாற்பது லாமா விலங்குகளும் வற்றிய ஊற்றைச் சுற்றியே விழுந்து மடிந்தன. அன்றே அவள் உறுதிபூண்டாள்: செய்தவன் வாயாலேயே செய்ததைச் சொல்லவைப்பேன்!

ஊர்கூடி வாய்க்கால் தூர்வாரும் நாள் வந்தது. இவ்வாண்டு தலைமை அவளுக்கு. ஊரார் 'தோன்', அதாவது ஐயா, என்று அழைக்கும் சுரங்க மேலாளர் கிறிஸ்தோபல், ஐரோப்பிய ஆய்வாளர் அன்னெகேயை அழைத்துவந்தார். 'இயற்கையைக் காக்கும் நிறுவனம்' என்று சான்றளிக்க வேண்டியவள் அவள். அவள் பார்க்க, மண்வெட்டியை எடுத்துப் புன்னகைத்தார் மேலாளர். படம் பிடித்தார்கள்.

"சரிம்மா, நான் கெளம்புறேன்."

"எங்க கெளம்புறீங்க, தோன்? இன்னைக்கு மண்வெட்டியத் தொட்டவங்க, தலைவி சொல்ற வரைக்கும் கீழ வைக்கக்கூடாது. உங்க பங்கு ஊத்துக்கண்ணு. மேல ஏறுங்க," என்றாள் எர்மெலிந்தா.

"பாத்துடீ, தோனோட பூட்ஸ் அழுக்காயிடப்போகுது!" என்று வாய்க்காலுக்குள்ளிருந்து ஒருத்தி கூவினாள். ஊர் சிரித்தது.

மேலாளர் அன்னெகேயைப் பார்த்தார்.

"ஊர் வழக்கத்த மதிக்கிறோம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?" என்றாள் அவள்.

ஊற்றுக்கண்ணில் நிற்பவர் நீரைக் கண்டு, "தண்ணி வருது!" என்று குரல் கொடுக்கவேண்டும், அதைக் கேட்டே கீழே மடை திறப்பார்கள். மேலாளர் தோண்டினார். முழங்கால் ஆழம், இடுப்பளவு ஆழம். உள்ளங்கை கொப்புளித்தது. ஈரத்தின் சுவடுகூட இல்லை.

"தோன், ஊரே காத்துக் கெடக்கு. சத்தம் குடுங்க."

"தண்ணி இல்லாம எப்படிம்மா?"

"காது கேக்கல!"

"தண்ணி இல்ல!"

அன்னெகே குழியோரம் வந்தாள். "இந்த ஊத்துல நீர்மட்டம் கொறையலன்னு அறிக்கை குடுத்தீங்களே?"

மேலாளர் நிமிர்ந்தார். வாய்க்கால் நெடுக மண்வெட்டிகள் அசையாமல் நின்றன. தப்ப வழியில்லை.

"எங்க பம்புதான்... எல்லாத்தையும் இழுத்துடுச்சு."

"சத்தமா, தோன்! கீழ மடைக்குக் கேக்கணும்."

"எங்க பம்புதான் இழுத்துடுச்சு!"

அன்னெகே எழுதினாள். "இந்தச் சான்று உங்களுக்குக் கிடையாது," என்று சொல்லி இறங்கிப் போனாள்.

அவர் குழியின் விளிம்பைப் பற்றினார். "அதான் சொல்லிட்டேனே... விடும்மா."

"நான் இன்னும் வைக்கச் சொல்லலையே," என்றாள் எர்மெலிந்தா. "தோண்டுங்க."