முட்டி உடைத்த துவக்கு

எண்பத்துமூன்றாம் ஆண்டுத் தவக்காலத்தின் கடைசி வாரத்தில், மீன்பிடித் துறைச் சங்கத்தின் பழைய மாட்டினித் துவக்கை, விக்டோரியா காலத்து ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியை, பாய்ச்சீலையைப் பிரித்து வெளியே எடுத்தார்கள். குழல் நடுவில் வளைந்திருந்தது.

"உது துவக்கோ, தூண்டிலோ?" என்று யாரோ கேட்க, மீனவர் கூடும் வாடி முழுவதும் சிரித்தது. அற்புதராணி மட்டும் சிரிக்கவில்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் அத்துறையில் வள்ளப் போட்டி நடைபெறும். கடலில் நட்ட கம்பத்தில் சாயநீர் நிரப்பிய மண்பானை முட்டி ஒன்று தொங்கும். கரையிலிருந்து ஒருவர் அதனைச் சுட்டு உடைத்தால்தான் வள்ளங்கள் புறப்படும். உடைத்தவர் முதல் வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில், அமர்ந்து செல்வார். வெள்ளையர் காலத்துத் தொண்டர் படையில் இருந்த சிமியோனே நெடுங்காலமாக அந்தச் சூட்டைச் சுட்டு வந்தார். அவர் தை மாதம் இறந்துபோனார். அவருடைய பக்கத்தில் நின்று குறிபார்க்கப் பழகிய ஒரே மகள் அற்புதராணி. தகப்பனின் இடத்தில் தானே நின்று சுடவேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். சங்கத் தலைவரும் வள்ளச் சொந்தக்காரருமான கிறிஸ்துநாயகம் சம்மாட்டி அதற்குப் பதில் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

"சம்மாட்டியார், கார்த்திகைப் புயலிலை மணலிலை இறுகின வள்ளத்தை எதாலை நெம்பினியள்?" என்று அவள் கேட்டாள்.

சம்மாட்டி தாடியைச் சொறிந்தார். "துடுப்புகளோடை சேர்த்து வைச்சால் ஆருக்குத் தெரியும்? பாய்ச்சீலை சுத்தின தடியெண்டு நினைச்சன். நல்ல பாரமாயும் இருந்தது."

"நான் நிமித்திக்கொண்டு வாறன். நிமித்தினால் நான்தான் சுடுவன்."

"ஓம், நிமித்து பிள்ளை! முட்டி உடைஞ்சால் நானே வள்ளத்தைப் பிடிச்சு உன்னை ஏத்திவிடுறன். தவறினால் துவக்கைக் கடலிலை எறிஞ்சுபோட்டு, வாற வருசம் விசில் ஊதி வள்ளம் விடுவம். கொப்பற்றை கதையும் அதோடை முடிஞ்சுது."

அவர் விளையாட்டாகச் சொன்னார். அவள் அதனை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டாள்.

மறுநாட் காலை அச்சுவேலிக்குப் பேருந்தில் ஏறினாள். பாய்ச்சீலையில் சுற்றிய துவக்கைத் துடுப்பென்று நினைத்து, அதற்கும் டிக்கற் எடுக்கவேண்டும் என்றான் நடத்துநர்; மறுபேச்சின்றி எடுத்தாள். அச்சுவேலியில் நீர் இறைக்கும் இயந்திரங்களைத் திருத்தும் கதிரவேலு, பட்டறை வாசலிலேயே சுற்றை அவிழ்த்துப் பார்த்தார்.

"புதுக்குழல் மாத்தேலாதோ அண்ணை?"

"உந்தச் சாதிக் குழலுக்கு நான் விக்டோரியா மகாராணியிட்டைத்தான் போகவேணும். நெருப்பிலையும் வைக்கமாட்டன், தங்கச்சி. காய்ச்சினால் இரும்பின்ரை உரம் போயிடும்; வெடிச்சால் உன்ரை முகத்திலைதான். பச்சையாய் அமத்தி நிமித்தலாம். ஆனால் உள்ளுக்கை எங்கை வளைஞ்சிருக்கு எண்டு எப்பிடிக் காணுறது?"

அற்புதராணி மடியிலிருந்து தங்கூசியை எடுத்தாள். வலை கட்டும் மெல்லிய நைலோன் நூல் அது. குழலின் ஒரு வாயால் விட்டு மறுவாயால் எடுத்து, இரு வாய்களின் நடுவிலும் நிற்குமாறு குச்சிகளில் இழுத்துக் கட்டினாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது, நூல் நேராகச் சென்றது. குழலின் சுவரோ நடுவில் வந்து நூலைத் தொட்டது.

"அட! இனிப் பிழை விடமாட்டம்," என்றார் கதிரவேலு.

இரண்டு வேப்பங்கட்டைகளின் மேல் குழலைக் கிடத்தி, திருகு அழுத்தியால் மெல்ல அமர்த்தினார்கள். அழுத்தியைத் தளர்த்தியதும் இரும்பு பழைய வளைவுக்கே திரும்பிவிட்டது. மறுபடியும், முன்னையிலும் சற்று அதிகமாக அமர்த்தினார்கள். அவர் திருகினார், அவள் நூலைப் பார்த்தாள், நூல் சுவரில் பட்டபோதெல்லாம் இரும்பை வாய்விட்டே ஏசினாள். பின்னேர வெயில் பட்டறைக்குள் வந்தபோது, நூல் எந்தச் சுவரையும் தொடாமல் நின்றது.

அவள் கொண்டுவந்த சங்கத்தின் தகரப்பேணியில் எஞ்சியிருந்தவை இரண்டே தோட்டாக்கள். அவற்றுள் ஒன்றைச் சோதனைக்குக் கொடுக்காமல் துவக்கைத் தோளில் வைக்க விடமாட்டேன் என்று கதிரவேலு பிடிவாதமாக நின்றார். பட்டறைக்குப் பின்னால், ஆளில்லாத மண்கும்பியில் சுண்ணாம்புப் பொட்டு ஒன்றை வைத்து, அதற்கு நேரே குறி அமைத்து, துவக்கை மரக்குற்றியோடு இறுக்கிக் கட்டினார்கள். சுவருக்கு மறைவில் நின்று கயிற்றை இழுத்தார்கள். குழலுக்கு எதுவும் நேரவில்லை. ஆனால் குண்டு, பொட்டுக்கு இடப்புறம் ஒரு சாண் தள்ளிப் புதைந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் அமத்துவமோ?" என்று அவர் கேட்டார்.

அவள் பொட்டுக்கும் குண்டுக்கும் நடுவே கையை விரித்து அளந்தாள். "வேண்டாம் அண்ணை. இனித் தொட்டால் எந்தப் பக்கம் போகுமோ தெரியாது. இப்ப இது விடுற பிழை எனக்குத் தெரியும். முட்டி இதைப்போலை இரண்டு மடங்கு தூரம்; அதுக்கு இரண்டு சாண்."

திங்கட்கிழமை கரை நிரம்பியிருந்தது. வள்ளங்கள் கம்பத்துக்கு எட்டத்தில், ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றன. அற்புதராணி முழந்தாளிட்டுத் துவக்கைத் தோளில் அணைத்தாள். வலப்புறம் சரிந்து, வெறுங் காற்றைக் குறிபார்த்தாள்.

"ஏய் பிள்ளை, எங்கை பிடிக்கிறாய்? முட்டி அந்தப் பக்கமெல்லோ!" என்று ஒருவன் கத்தினான்.

"அவள் மீனுக்குக் குறி வைக்கிறாள்!" என்றான் இன்னொருவன்.

சம்மாட்டி கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கினார்; அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. அவள் எவரையும் பார்க்கவில்லை. காற்று விழும்வரை காத்திருந்தாள். விசையை இழுத்தாள்.

முட்டி இருந்த இடத்தில் கயிறு மட்டும் ஆடியது. சாயநீர் கடலின் மேல் சிவப்பாகப் பரந்தது.  கோவில் மணி அடித்ததா, கூட்டம் கத்தியதா என்று பிரித்தறிய முடியாத பேரொலி எழுந்தது. "சிமியோன்ரை பெட்டையடா!" என்று கிழவர்கள் துள்ளினார்கள். மீனுக்குக் குறி வைக்கிறாள் என்றவனே எல்லோரிலும் உரத்துக் கத்தினான்.

கிறிஸ்துநாயகம் சம்மாட்டி சொன்ன சொல்லை மீறவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கி, முதல் வள்ளத்தின் விளிம்பை இரு கைகளாலும் அசையாமற் பிடித்தார். அற்புதராணி அணியத்தில் ஏறி, தகப்பன் அமர்ந்த பலகையில் நிமிர்ந்து அமர்ந்தாள். பின்பு குனிந்து துவக்கை அவரிடம் நீட்டினாள்.

"கவனமாய்ப் பிடியுங்கோ சம்மாட்டியார். இது வள்ளம் நெம்புற தடி இல்லை."

கரை மறுபடியும் சிரித்தது. சம்மாட்டி துவக்கைத் தலைக்கு மேலே உயர்த்தி, தாமும் சிரித்தபடி, தோளால் வள்ளத்தைத் தள்ளிவிட்டார்.