துரையின் நடை

எங்கள் வீட்டில் வெளியே போக எனக்கு அனுமதி கிடையாது, நாய்க்கு உண்டு. நாய் தனியாகப் போக முடியாதே என்று சங்கிலியின் மறுமுனையில் என்னையும் சேர்த்து அனுப்புவார் என் வீட்டுக்காரர். கீழே அவருடைய டயர் கடை, மேலே வீடு. மாடிப்படி கடைக்குள்தான் இறங்குகிறது. அவர் கண்ணில் படாமல் ஒரு ஈ வெளியேற முடியாது. என் போனையும் எப்போதோ பிடுங்கிக்கொண்டார்.

துரை என்று பேர் வைத்ததும் அவர்தான். ஆசைப்பட்டு வாங்கிய ஜாதி நாய். இரண்டு வேளையும் நன்றாக நடக்கவில்லை என்றால் உடம்பு பெருத்துவிடும் என்று கால்நடை டாக்டரம்மா சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். என் உடம்பு கன்றிப்போவதைப் பற்றி அவரிடம் சொல்ல எந்த டாக்டரும் இல்லை.

நடை என்றால் மைதானத்தைத் தாண்டி டெய்லர் அக்காவின் கடை வரை. துரையை வாசலில் கட்டிவிட்டு, உள்ளே போய் அக்காவின் போனில் தங்கச்சியிடம் பேசுவேன். நாய் குரைத்தால் தெருவுக்கே தெரிந்துவிடுமே! அதனால், "இரு, வந்துடறேன்" என்று சொன்னால் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருக்கப் பழக்கியிருந்தேன். திரும்பி வந்ததும் ஒரு பிஸ்கட் உண்டு.

"வந்துடுக்கா" என்பாள் தங்கச்சி ஒவ்வொரு தடவையும்.

"துரையை இவர்கிட்ட விட்டுட்டு எப்படிடி வர்றது?"

"நல்லா இருக்கு போ. நாய்க்காக அடி வாங்கிட்டுக் கிட."

மழைக்காலத்தில் துரை பின்னங்காலை இழுக்க ஆரம்பித்தது. பார்த்தும் பார்க்காதவள் மாதிரி நடத்திக்கொண்டு போனேன். பாவம்தான். ஆனால் அது நின்றால் நானும் நிற்க வேண்டும். கடைசியில் அவரே கவனித்து, எங்கள் இருவரையும் டாக்டரம்மாவிடம் வண்டியில் கொண்டுபோனார்.

டாக்டரம்மா இடுப்பை அழுத்தியதும் துரை வீறிட்டது.

"மூட்டு தேஞ்சுபோச்சு. இத்தனை நாளா இதை எப்படிம்மா நடக்க வெச்சீங்க?"

என்னைத்தான் கேட்டார்.

"இனிமே நீள நடை வேண்டாம். படி ஏறி இறங்கவே கூடாது. சமமான தரையில மெதுவா நடந்தா போதும்."

"வீட்டை ஒட்டியே மேல திறந்த மாடி இருக்கு. அது போதுமா?" என்றார் அவர்.

"தாராளமா போதும்."

வெளியே வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். "துரைக்கும் ரெஸ்ட், உனக்கும் ரெஸ்ட். நல்லதாப் போச்சு."

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். நாய்க்கு எது நல்லதோ அதைச் சொன்னார்.

திரும்பி வந்தபோது கடை வாசலில் ஒரு லாரிக்காரர் பஞ்சரான டயரோடு கத்திக்கொண்டிருந்தார். படியைப் பார்த்தேன். இதில் ஏறினால் இனி நான் இறங்கப்போவதில்லை.

"என்னங்க, மேல ஏத்துறதுக்கு முன்னாடி இதை ஒண்ணுக்கு விட்டுட்டு வந்துடறேன்."

"போன காலோட வா" என்றார், டயரிலிருந்து தலையைத் தூக்காமல்.

மைதானத்து வேலி வரை துரை வந்தது. அதற்கு மேல் படுத்துவிட்டது. தூக்கப் பார்த்தேன். போன வாரம் அவர் உதைத்த விலா சுரீர் என்றது. சங்கிலியை வேலியில் கட்டினேன். என் முகத்தையே பார்த்தது.

"இரு, வந்துடறேன்."

என் முகத்தைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கடையை இழுத்துச் சாத்திவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். "தங்கச்சி வீட்டுக்குத்தானே? ஏறு."

"துரை வேலிகிட்ட இருக்குக்கா."

"அந்தப் பக்கம் போனா உன் புருஷன் எதிர்ல வருவான். ஏறுடி!"

ஏறினேன். நான் இல்லை என்று தெரிந்ததும் அவர் ஆத்திரம் எதன் மேல் இறங்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஏறினேன். வண்டி தெருவைத் தாண்டும்வரை காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை குரைத்திருந்தால்கூட இறங்கி ஓடியிருப்பேன்.

துரை குரைக்கவில்லை. சத்தம் காட்டாமல் இருந்தால் நான் வந்துவிடுவேன் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.